வயது வந்தோர் மறைக்கல்விக் குழு: 2024–25 ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய பங்குத்தந்தை அவர்களே, தலைவர், பொருளாளர் அவர்களே, கூட்டத்துக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் நடந்தன. கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் கலந்துகொண்டோம், பரிசு இல்லை. சேத்துப்பட்டு லூர்து அன்னை திருத்தலத்துக்கு ஒரு வேன் போய் வந்தது. குருத்து ஞாயிறுக்கு ஓலை கிழித்துக் கொடுத்தோம்.

இவ்வாண்டின் முக்கிய வேலை, திருச்சபையில் சேர விரும்பி வருகிறவர்களிடம் முதல் நாளே கேட்க வேண்டியவற்றை ஒரே தாளில் அச்சடித்ததுதான். அது போலீஸ் விசாரணை போல இருக்கிறது என்று சிலர் வெளியே பேசியது செயலாளர் காதுக்கும் எட்டியது. ஆகவே சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கேள்வி, ஏற்கெனவே திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவரா என்பது. வேலூரில் இதைக் கேட்காமல் ஓரடி எடுத்து வைக்க முடியாது. சி.எஸ்.ஐ., லுத்தரன் ஆகிய புராட்டஸ்டன்ட் சபைகளில் தண்ணீர் ஊற்றி, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் கொடுத்த திருமுழுக்கு செல்லும். அதை இன்னொரு முறை கொடுக்கக் கூடாது. அவர்கள் ஒப்புரவு அருளடையாளம் (பாவசங்கீர்த்தனம்) பெற்று, விசுவாச அறிக்கை செய்து, உறுதிப்பூசுதல், நற்கருணை என்ற அருளடையாளங்களையும் பெற்றால் போதும். மாறாக, திருமுழுக்கே பெறாதவரைப் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) முன் பாவசங்கீர்த்தனத்துக்கு அனுப்பக் கூடாது. திருமுழுக்கே அவருடைய எல்லாப் பாவங்களையும் கழுவிவிடும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்யும் ஆர்வக்காரர்கள் நம்மிடையே உண்டு. இயேசுவின் பெயரால் என்று மட்டும் சொல்லி முழுக்குக் கொடுக்கும் சபைகளும் இருப்பதால், என்ன வார்த்தை சொன்னார்கள் என்று கேட்டு அப்படியே எழுதி, முடிவைப் பங்குத்தந்தையிடம் விடவும். சான்றிதழ் தொலைந்திருந்தால் நம்பத்தக்க ஒரு சாட்சி போதும்.

இரண்டாவது, திருமண நிலை. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு, மூன்று மாதத்தில் ஞானஸ்நானம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் நேராகச் சொல்லிவிடலாம்: ஆலயத்தில் திருமணம் நடக்க மதம் மாற வேண்டிய கட்டாயம் இல்லை. ஆயரிடம் விதிவிலக்கு பெற்று, மற்றவர் தம் மதத்திலேயே இருந்தபடி மணம் செய்யலாம். விசுவாசம் பிறகு வந்தால் பிறகு சேரட்டும். முதல் துணை உயிரோடிருக்க மறுமணம் செய்தவர் என்றால் விவகாரம் மறைமாவட்டத் தீர்ப்பாயம் வரை போகலாம், நாளும் இழுக்கும். இதைப் புனித வாரத்தில் கண்டுபிடித்தால், வெள்ளாடை தைத்து வைத்தவரிடம் இந்த வருடம் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மூன்றாவது, சாதிச் சான்று பற்றிய கேள்வி. இதுதான் அதிகம் முணுமுணுக்க வைத்தது. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்தவருக்கே பட்டியல் சாதித் தகுதி உண்டு. திருச்சபையில் சேர்ந்தவருக்கு அது போய்விடும், தமிழ்நாட்டில் பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) பட்டியலில் வருவார். பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை, வேலை எல்லாம் இதில் இருக்கிறது. தெரிந்து முடிவெடுப்பது அவர் உரிமை, மறைக்காமல் சொல்வது நம் கடமை. பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்பதும் தவறு. கிறிஸ்தவ உணர்வுக்கு முரணாக இல்லாத பெயர் எதுவும் ஆகும். செல்வியும் முருகேசனும் கெசட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

தவக்கால முதல் ஞாயிறான மார்ச் 9 அன்று, பாஸ்காவில் திருமுழுக்கு பெறவிருப்பவர்களின் பெயர்ப் பதிவு நடந்தது. பதினான்கு வயது நிறைந்தவர்களின் திருமுழுக்கை முன்கூட்டியே ஆயருக்குத் தெரிவிக்க வேண்டும். கடிதம் நேரத்தோடு போனது. மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் இவர்களுக்காகச் சமாரியப் பெண், பிறவிப் பார்வையற்றவர், இலாசர் நற்செய்திகளை வாசிக்க வேண்டும். எந்த ஆண்டானாலும் இவர்கள் இருக்கும் திருப்பலியில் அப்படி வாசிக்கலாம். ஆனால் மூன்றாம் ஞாயிறன்று பீடத்தில் திறந்திருந்தது, மூன்றாண்டு வாசகச் சுழற்சியில் மூன்றாம் ஆண்டுக்குரிய வாசகம், காய்க்காத அத்திமரம். வாசகர் குழுவுக்கு எழுத்தில் கொடுத்த குறிப்பின் நகல் கோப்பில் இருக்கிறது. ஏப்ரல் 19 பாஸ்கா இரவில் திருமுழுக்கு, உறுதிப்பூசுதல், நற்கருணை மூன்றும் நம் பங்குத்தந்தை கையாலேயே ஒருசேர நிறைவேறின.

இனி, சேர வருகிறவருக்குக் கூடவே இருக்க வேண்டிய துணையாளர் விஷயம். வருகிறவரைத் திருமுழுக்குக்கான ஆயத்தநிலைக்கு ஏற்கும் சடங்கில் தோளில் கை வைத்து நிற்பதோடு துணையாளர் வேலை முடிவதில்லை. ஞாயிறு பூசையில் பக்கத்தில் உட்கார வேண்டும், நற்கருணை வரிசையில் இப்போது போகக் கூடாது என்று மெதுவாகச் சொல்ல வேண்டும், அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு அழைத்துப்போக வேண்டும். ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் ஓவர்டைம் முடித்துவிட்டு வகுப்புக்கு ஓடி வருகிறவருக்கு, கூட உட்கார ஓர் ஆள் இல்லை. வகுப்பை மாலை ஆறரைக்கு மாற்றியதும் உறுப்பினர்கள் கேட்டுத்தான். மாற்றிய பிறகு அவர்களையே காணோம். பாதியில் நின்றுபோனவர்கள் பாடம் புரியாமல் நிற்கவில்லை, துணைக்கு ஆளில்லாமல்தான். ஞானப்பெற்றோராக நிற்க மட்டும் போட்டி. பதினாறு வயது நிறைந்த, உறுதிப்பூசுதல் பெற்ற, விசுவாசத்தோடு வாழும் கத்தோலிக்கராக இருக்க வேண்டும். பெற்ற தாய் தகப்பன் கூடாது. போட்டோவுக்கு மட்டும் வருகிறவர் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மெழுகுதிரி, விவிலியப் பிரதிகள், தேநீர், வேன் வாடகை போகக் கையிருப்பு சொற்பமே. மாதச் சந்தா ஐம்பது ரூபாயைத் தொடர்ந்து கொடுத்தவர்கள் தங்கள் பெயரை அறிவார்கள், கொடுக்காதவர்களும் அறிவார்கள். பாக்கி வைத்திருப்போரில் நிர்வாகக் குழுவினரும் அடக்கம்.

பங்குத்தந்தை, அருள்சகோதரிகள், பாடகர் குழு, ஆலயப் பணியாளர், வாசகர் குழு அனைவருக்கும் நன்றி.

2026இல் தவக்காலம் பிப்ரவரி 18 அன்றே தொடங்கிவிடுகிறது, பெயர்ப் பதிவு 22. புதியவர்கள் இந்த ஆகஸ்டுக்குள் வராவிட்டால் அவசர அவசரமாக ஓட வேண்டியிருக்கும். துணையாளர் பட்டியல் ஆலய அலுவலகத்தில் இருக்கிறது, இதுவரை இரண்டு கையெழுத்து. செயலாளர் பொறுப்பை ஏற்க வேறு யாரேனும் முன்வந்தால் பதிவேடு, அலமாரிச் சாவி, ரசீதுப் புத்தகம் மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். யாரும் வராத பட்சத்தில், பட்டியலில் பத்துப் பேராவது சேர்ந்த பிறகே அடுத்த வகுப்புக்கான அறிவிப்பு பூசையில் வாசிக்கப்படும்.

இப்படிக்கு,
செயலாளர்