சிறிய உழவு இயந்திரத்தைக் கொண்டு குளம் வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தமிழ்ப் பத்திரிகைகளின் விளம்பரப் பக்கங்களில் சில மாதங்களாக ஒரே மாதிரியான படம் திரும்பத் திரும்ப வருகிறது. இருபத்தைந்து, முப்பது குதிரைவலுக் கொண்ட சிறிய நான்கு சக்கர உழவு இயந்திரம், முன்னால் பொருத்திய பக்கெட்டில் விளிம்பு வழிய மண், பின்பக்கம் வெறுமை. காணியின் எல்லா வேலைக்கும் இது ஒன்றே போதும் என்ற பொருளில் கீழே ஒரு வாசகம். உழவு இயந்திரங்களின் அச்சு, கியர்பெட்டி, ஹைட்ரோலிக் வேலைகளைப் பஞ்சிகாவத்தையில் ஒரு கராஜில் நெடுங்காலம் செய்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் படம் ஆபத்தானது.

இந்த இயந்திரங்களைக் கொழும்பில் வாங்குகிறவர்களில் பலர் அவற்றை ஓட்டப்போவதில்லை. வெள்ளவத்தையிலோ தெஹிவளையிலோ தொடர்மாடியில் குடியிருப்பார்கள். வன்னியில் மாங்குளம், நெடுங்கேணி, முழங்காவில் பக்கம் பூர்வீகக் காணி கிடக்கும். பற்றை வெட்டி, ஒரு சிறிய குளம் தோண்டி, தென்னையும் மாவும் வைக்கலாம் என்பது விருப்பம். நல்ல விருப்பம், காணி பாழாய்க் கிடப்பதை விட எவ்வளவோ மேல். ஆனால் பணம் கட்டுகிறவர் ஒருவர், ஆசனத்தில் ஏறுகிறவர் இன்னொருவர். ஏறுகிறவர் காணி பார்க்கும் மனிதர். முதலாளி ஆசையாக வாங்கி அனுப்பிய இயந்திரத்தால் இந்த வேலை ஆகாது என்று சொல்ல அவருக்கு வாய் வராது.

கணக்கைப் பாருங்கள். முப்பது அடி நீளம், முப்பது அடி அகலம், ஆறு அடி ஆழம். காணிக்குள் வெட்டும் சிறு குளத்துக்கு இது பெரிய அளவல்ல. ஆனாலும் 5,400 கன அடி, அதாவது 54 கியூப் மண். ஒரு கியூப் மண் நிலத்தில் கிடக்கும்போது ஐந்து தொன்னுக்குக் கிட்ட வரும். ஆக 250 தொன்னுக்கு மேற்பட்ட பாரம். வெட்டியதும் மண் பொருமி, கால்வாசியளவு கூடிவிடும். சிறிய இயந்திரத்தின் பக்கெட் ஒரு தடவையில் அள்ளுவது ஒரு கன மீற்றரின் ஐந்திலொரு பங்குதான். கிட்டத்தட்ட ஆயிரம் பக்கெட் அள்ள வேண்டும். ஆயிரம் தடவை முன்னே போய்க் குத்தி, தூக்கி, பின்னே வந்து, திரும்பிக் கொட்ட வேண்டும். பதின்மூன்று தொன் எக்ஸ்கவேட்டருக்கு அது ஒரு பகல் வேலை.

அந்த ஆயிரம் தடவையும் பாரத்தைத் தாங்குவது முன்னச்சு. ஒரு தொன் அளவு எடையுள்ள இயந்திரத்தின் முன்னச்சு அந்த இயந்திரத்தைத் திருப்புவதற்கும் இழுப்பதற்கும் செய்யப்பட்டது. பக்கெட்டில் முந்நூறு கிலோ ஈரமண்ணை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் சக்கரத்தைத் திருப்பும் கிங்பின்னும் கியர்ப்பற்களும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? வன்னியின் செங்கபில மண் காய்ந்தால் இறுகிப்போகும். அதில் பக்கெட்டை நேரே குத்தித் தள்ளுகிறார்கள். பக்கெட்டைத் தூக்கும் லோடரின் கைகள் முறுகுகின்றன, ஒயில் சீல் பிய்கிறது. சேற்று நீர் உள்ளே போய், கியர் ஒயில் பால் நிறமாகி, பெயரிங் கரகரக்கும் நிலையில்தான் அச்சைக் கழற்றி பஸ்ஸில் கொழும்புக்கு அனுப்புவார்கள். இரண்டு போகம்கூட உழாத இயந்திரங்களின் அச்சுகளை அப்படி என் கையால் பிரித்திருக்கிறேன்.

இரும்பு உடைந்தால் மாற்றலாம். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் காணியில், புதிதாகக் கொட்டிய அணைக்கட்டின் மேல் பக்கெட்டைத் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு குறுக்கே ஓட்டியபோது இயந்திரம் பக்கவாட்டில் சரிந்தது. ஓட்டியவர் இளைஞர், கெட்டிக்காரர். அவருடைய இடுப்பெலும்பு நொறுங்கிப்போனது. இயந்திரம் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்க ஆசனத்துக்குப் பின்னால் நிற்க வேண்டிய இரும்புப் பாதுகாப்புச் சட்டம் அந்த இயந்திரத்தில் இல்லவே இல்லை. ஜப்பானில் பாவித்து இங்கே வந்த பழைய சிறு இயந்திரங்கள் பலவற்றில் அது கிடையாது. லோடரின் கையில் ஒட்டியிருந்த எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில் இருந்தது. அதை யார் வாசிப்பது?

பக்கெட் உயர உயர, இயந்திரத்தின் பாரமையமும் உயர்கிறது. சக்கரம் ஒரு கல்லில் ஏறினாலோ, மறுசக்கரம் ஒரு குழியில் இறங்கினாலோ போதும். இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான சிறிய இயந்திரங்களில் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். முன்னால் பாரம் ஏறி, பின்னால் அதைச் சமன்செய்யும் எதிர்ப்பாரம் இல்லாதபோது பின்சக்கரங்கள் நிலத்தை மேலோட்டமாகத்தான் தொடும். இறக்கத்தில் எவ்வளவு பலமாக மிதித்தாலும் நிற்காது. அந்த வேளையில் நான்கு சக்கர இழுவையில் இருந்தால் எஞ்சின் முன்சக்கரங்களையும் பிடித்துக்கொள்ளும். எரிபொருள் மிச்சம் என்று அதை அணைத்துவிட்டு ஓட்டுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

மரக்குற்றி இழுப்பது இதைவிட மோசம். சங்கிலியைப் பின்னச்சுக்கு மேலே, கைக்கு எட்டிய இடத்தில் கட்டிவிட்டு இழுத்தால், குற்றி அசையாது, முன்சக்கரங்கள் கிளம்பும். ஒன்றரை வினாடியில் இயந்திரம் ஓட்டுநரின் மேல் மல்லாந்துவிடும். கிளச்சை மிதிக்க நேரமிருக்காது. இழுப்பதென்றால் அச்சுக்குக் கீழே உள்ள இழுவைச் சட்டத்தில் மட்டுமே கட்ட வேண்டும். பாலை, வீரை போன்ற வைரமரங்களின் குற்றியென்றால் அதையும் செய்ய வேண்டாம். மண் தோண்டும் பெரிய இயந்திரமான பெக்கோ வந்து சுற்றிவரத் தோண்டி எடுக்கட்டும்.

சிறிய இயந்திரத்தை வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உழவுக்கும், பசளை ஏற்றவும், பாதைக்குக் கிரவல் பரப்பவும், வாய்க்கால் ஓரம் துப்புரவாக்கவும் அதைப்போல உதவி இல்லை. பெக்கோவை ஓட்டுநரோடு மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடித்து வெட்டும் வேலையை முடித்துவிடுங்கள். கொட்டிய மண்ணைப் பரப்பிச் சமப்படுத்தும் வேலையைச் சிறியதிடம் விடுங்கள். இறுகிய நிலமென்றால் முதலில் கொழுக்கலப்பையால் கிளறி, இளகிய மண்ணை மட்டும் அள்ளட்டும். பின்னால் கருவிகளைப் பூட்டும் மூன்று புள்ளி இணைப்பில் எதிர்ப்பாரமாக ரொட்டவேட்டரோ, கொங்கிரீட் நிரப்பிய அரை பீப்பாயோ தொங்க வேண்டும். பின் டயர்களுக்குள் தண்ணீரும் நிரப்பலாம். பாரத்தோடு ஓடும்போது பக்கெட் முழங்கால் உயரத்துக்கு மேல் போகக்கூடாது. சரிவில் குறுக்கே ஓட்டக்கூடாது. பாரத்தோடு ஏறும்போது முன்னோக்கியும் இறங்கும்போது பின்னோக்கியும் வர வேண்டும். ஆறு அடிப் பள்ளமென்றால் அதன் விளிம்பிலிருந்து ஆறு அடியாவது தள்ளியே சக்கரம் உருள வேண்டும். பாதுகாப்புச் சட்டம் நிமிர்ந்து நிற்கும்போது ஆசனப்பட்டி கட்டாயம்.

வன்னிக் காணிக்காரருக்குத் தனியாக ஒன்று. 2009இல் போர் ஓய்ந்தாலும் மண்ணுக்கு அடியில் கிடப்பவை எல்லாம் வெளியே வந்துவிடவில்லை. உழுது பழகிய நிலம் என்பதற்காக ஆறு அடி ஆழத்துக்கும் அது பாதுகாப்பானது என்று எண்ணாதீர்கள். தோண்டுமுன் கிராம அலுவலர் மூலமாகவும் பிரதேச செயலகத்திலும் அந்தக் காணியைப் பற்றி விசாரியுங்கள். சந்தேகமான பொருளொன்று தெரிந்தால் இயந்திரத்தை நிறுத்தி, எதையும் தொடாமல் விலகி, பொலிஸுக்கு அறிவிக்கும்படி ஓட்டுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விற்பனையாளர்களிடம் நான் கேட்பவை பெரிய செலவில்லாதவை. பக்கெட் பூட்டி விற்கிற இயந்திரத்தோடு எதிர்ப்பாரத்தையும் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்தே விற்கட்டும். அந்த லோடர் எத்தனை கிலோ தூக்கும், எதைச் செய்யக்கூடாது என்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு தகட்டில் பொறித்து ஓட்டுநரின் கண்முன்னே பதிக்கட்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளில் ஒன்று. மருந்துப் போத்தலுக்கும் மாப்பெட்டிக்கும் நாம் கேட்கும் உரிமையை, ஆளை நசுக்கக்கூடிய இயந்திரத்துக்கும் கேட்க வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இதில் தலையிட வேண்டும். விளம்பரங்களை வெளியிடும் பத்திரிகைகளும், பின்னால் எதிர்ப்பாரமின்றி மண் தூக்கும் படத்தை மாற்றித் தரும்படி விளம்பரதாரரிடம் கேட்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன் குளத்தை வெட்டி முடிக்க வேண்டுமென்ற அவசரம் இப்போது பலருக்கும் இருக்கும். கொழும்பிலிருந்து இயந்திரம் அனுப்புகிறவர்கள் அதை ஓட்டப்போகிறவரிடம் பேசுங்கள். இந்த வேலையை இது தாங்காது, பெக்கோ பிடியுங்கள் என்று அவர் சொன்னால், வாடகைப் பணத்தை அன்றே அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உழவு இயந்திரத் திருத்துநர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13