வாசலுக்கு வெளியே நிற்பவர்களும் விமான நிலையத்துக்கு வந்தவர்கள்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்தின் புதிய விமான நிலைய முனையங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் இனிமேல் விமானத்துக்காகக் காத்திருப்பதே ஓர் இன்பம் என்று உங்கள் கட்டுரையாளர் கடைசியில் எழுதியிருக்கிறாரே, அந்த ஒரு வரியை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. பல வருட வாசகி என்ற உரிமையில் எழுதுகிறேன்.

திருச்சியில் 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டிய முனையம் 2024 ஜனவரி 2-ல் திறப்பு விழா கண்டது. பயணிகள் உள்ளே போகத் தொடங்கியது ஜூனில். ஆண்டுக்கு 44 லட்சம் பேர் வந்துபோகலாம் என்றார்கள். சுவரில் ஸ்ரீரங்கம் கோபுரமும் வண்ணமும் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த 44 லட்சத்தில், வழியனுப்ப வருகிறவர்களை யாராவது சேர்த்து எண்ணினார்களா? துபாய்க்கும் ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகிறவர்கள் நிறைந்த ஊர் திருச்சி. அங்கே ஒருவர் கிளம்பினால் அவர் பின்னால் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வருவார்கள் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

நம் நாட்டில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்டினால்தான் காவலர் முனையத்தின் வாசலையே தாண்டவிடுவார். பாதுகாப்புக்காக வைத்த விதி, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு விதி இருக்கும் நாட்டில், கூடத்தை வரைகிறவர் வாசலுக்கு வெளியேயும் ஒரு கூடத்தை வரைய வேண்டாமா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குளிர்சாதனம், இந்தப் பக்கம் வெறும் நடைபாதை என்று விட்டுவிட்டால் அந்த நடைபாதைதான் பாதிப் பேருக்கு விமான நிலையம்.

என் தம்பி கத்தாருக்குக் கிளம்பிய இரவைச் சொல்கிறேன். நிலையத்தின் பெயர் எழுதவில்லை. எழுதினால் அந்த ஒன்றில் மட்டும்தான் குறை என்று ஆகிவிடும். விமானம் விடியற்காலையில். கடைசி பஸ்ஸை நம்ப முடியாது என்பதால் முன்னிரவிலேயே போய்விட்டோம். அம்மாவுக்கு மூட்டுவலி. வெளியே உட்கார ஒரு பெஞ்சுகூட இல்லை. செடி வைத்த தொட்டியின் விளிம்பில் உட்கார வைத்தேன். காவலர் வந்து எழுந்திருக்கச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். கழிப்பறை எங்கே என்று கேட்டால் வண்டி நிறுத்தும் இடத்துக்கு அப்பால் கை காட்டினார்கள். அந்த வயதில் அந்த நேரத்தில் அம்மா அவ்வளவு தூரம் எப்படி நடப்பார்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டார்.

அப்புறம் அம்மாவே பயணியாகப் போன கதை. அக்காவைப் பார்க்கச் சிங்கப்பூர் போனார், கூட நானும் போனேன். சரி, டிக்கெட் இருக்கிறதே, உள்ளே போனால் உட்காரலாம் என்று நினைத்தோம். வாசலிலிருந்து பெட்டி போடும் கவுன்ட்டர் வரை அவ்வளவு பெரிய தளத்தில் நாற்காலி இல்லை. சக்கர நாற்காலி வரும்வரை அம்மா தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சோதனை முடிந்ததும் நேரே கேட்டுக்குப் போக வழி கிடையாது. வாசனைத் திரவியக் கடைகளுக்கு நடுவே வளைந்து வளைந்துதான் பாதை. இப்போது பல நிலையங்களில் அறிவிப்பையும் குறைத்துவிட்டார்கள், திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த என் அம்மா, திரையில் தமிழ் வந்து போகும் அந்தச் சில நொடிக்குள் கேட் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். தனியாகப் போயிருந்தால் என்ன செய்திருப்பார்?

இதெல்லாம் யோசிக்க முடியாத விஷயம் இல்லை. வாஷிங்டனின் டலஸ் முனையம் 1962-ல் திறந்தது. அதை வரைந்த ஈரோ சாரினென், பயணிகள் எங்கே எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள், எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஆள் அனுப்பி, கடிகாரம் வைத்து அளந்த பிறகுதான் வேலையைத் தொடங்கினார். லண்டனுக்குப் பக்கத்தில் 1991-ல் திறந்த ஸ்டான்ஸ்டெட் முனையத்தில் நார்மன் ஃபாஸ்டர் குளிர்சாதனக் குழாய்களையும் மின்கம்பிகளையும் கூரையிலிருந்து எடுத்துத் தரைக்குக் கீழே கொண்டுபோனார். கூரை வழியாக வெளிச்சம் வந்தது. வாசலில் நுழைந்தவர் வழி கேட்காமலே விமானம் இருக்கும் திசைக்கு நேராக நடக்கலாம் என்பதுதான் திட்டம். பிற்பாடு கடைகளை நெருக்கி வைத்து அதையும் கெடுத்தார்கள் என்பது வேறு வருத்தம்.

இங்கே நாம் என்ன செய்கிறோம்? சென்னையில் 2013-ல் திறந்த முனையங்களில் கண்ணாடி விழுந்தது செய்தி, மறுபடி விழுந்தது செய்தி, எத்தனையாவது தடவை என்று பத்திரிகைகள் கணக்கு வைக்கும் அளவுக்குப் போனது. கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30-ல் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையமே தயாராகவில்லை. மூட்டை முடிச்சோடு வருகிற ஜனங்கள் எப்படியாவது வந்து சேர்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். கட்டடம் பெரிதாக இருக்கிறது, மனிதர் வந்துபோகும் வழியை மட்டும் யோசிப்பதில்லை. இத்தனைக்கும் பல நிலையங்களில் டிக்கெட்டிலேயே பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம் என்று நம்மிடம் வாங்கிவிடுகிறார்கள்.

தங்கள் இதழ் எங்கள் வீட்டில் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படிக்கும் இதழ். இந்தக் கட்டுரையையும் படித்தார். ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மூட்டுவலி தெரியாத ஒருவர் எழுதிய வரியைத் தாங்கள் அப்படியே அச்சிட்டிருக்க வேண்டாம்.

சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குத் தேர்ந்தெடுத்த பரந்தூரில் இன்னும் முனையம் எழவில்லை. அங்கே நிலம் பற்றிய கேள்வி வேறு, அதை நிலம் கொடுக்க மறுக்கும் அங்குள்ள ஏகனாபுரத்து மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முனையம் பற்றித் தங்கள் நிருபர் அதிகாரிகளைச் சந்தித்தால் மூன்றே கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். வாசலுக்கு வெளியே நிழலில் எத்தனை நாற்காலி? குடிநீர் எங்கே? கழிப்பறை எத்தனை அடி தூரத்தில்? அவர்கள் சொல்லும் பதிலைக் கூரையின் படத்துக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி