நோட்டீசின் பின்பக்கம்

மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுக்காக நோட்டீஸ் அச்சடிப்பவர்களுக்கும், முகாம் நடத்துபவர்களுக்கும், மேடையில் பேசுபவர்களுக்கும்,

வணக்கம். நீங்கள் கொடுத்த நோட்டீஸ் ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. வழவழப்பான தாள். மேலே இளஞ்சிவப்பு ரிப்பன். அதன் கீழே மூன்று படங்கள்: கண்ணாடி முன்னால் கைதூக்கி நிற்கும் பெண், படுத்திருக்கும் பெண், மார்பின்மேல் வட்டமிடும் விரல்கள். அடியில் பெரிய எழுத்தில், 'மாதம் ஒருமுறை சுயபரிசோதனை செய்யுங்கள். கட்டி தென்பட்டால் உடனே மருத்துவரை அணுகுங்கள்' என்று இருக்கிறது. தாளைத் திருப்பினால் வெள்ளையாக இருக்கிறது.

அந்த வெள்ளைப் பக்கத்துக்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடி நான் செய்தேன். எனக்கு அப்போது 41 வயது. ஒருநாள் குளிக்கும்போது, சோப்பு நுரையோடு, இடது மார்பின் மேல்புறம் அக்குளை ஒட்டிய இடத்தில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. சின்ன கோலிக்குண்டு அளவு இருக்கும். அழுத்தினால் நழுவி ஓடியது. வலி இல்லை. தண்ணீரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன்.

அதற்குப் பிறகு பதினொரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை. 'உடனே' என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படிக்காமல் இல்லை. தினமும் படித்தேன். ஆனால் எந்த மருத்துவர்? அவர் என்ன செய்வார்? அன்றைக்கே படுக்கவைத்து அறுத்துவிடுவார்களா? ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார்களே, அது உண்மையா? இதில் ஒன்றுக்குக்கூட அந்தத் தாளில் பதில் இல்லை. வலி இல்லாததால் முதல் வாரம் 'ஒன்றும் இருக்காது' என்று தேற்றிக்கொண்டேன். வலிக்காத கட்டிதான் கவனிக்க வேண்டிய கட்டி என்று பிறகு யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு ராத்திரியும் எல்லோரும் தூங்கியபிறகு அதை அழுத்திப் பார்ப்பேன். அழுத்தி அழுத்தி அந்த இடமே கன்றிப்போய் வலிக்க ஆரம்பித்தது. அப்புறம் அந்த வலியே புதுப் பயமாகிவிட்டது.

கடைசியில் போனபோது நடந்தது இதுதான். மருத்துவர் முதலில் என்னை உட்காரவைத்துப் பார்த்தார். கையை மேலே தூக்கச் சொன்னார், இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொன்னார். தோல் எங்காவது உள்ளிழுக்கிறதா என்று அப்போதுதான் தெரியுமாம். பிறகு படுக்கவைத்து விரல்களின் உட்பக்கத்தால் இரண்டு மார்பையும், இரண்டு அக்குளையும், கழுத்துக்குக் கீழே உள்ள காறையெலும்புக்கு மேலேயும் தடவிப் பார்த்தார். இது முதல் படி. அடுத்து மேமோகிராம்: இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பை வைத்து அழுத்திப் படம் எடுக்கிறார்கள். அழுத்தம் அசௌகரியம்தான், ஆனால் சில விநாடிதான். கூடவே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இளம்பெண்களுக்கு மார்பின் திசு அடர்த்தியாக இருப்பதால் பெரும்பாலும் ஸ்கேனிலிருந்தே தொடங்குவார்கள். மூன்றாவது படி, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, இன்னொரு ஊசியால் கட்டியிலிருந்து நூல் மாதிரி துணுக்கு எடுப்பது. 'டக்'கென்று ஸ்டேப்ளர் அடிப்பதுபோல் சத்தம் வரும், பயப்படாதீர்கள் என்று அந்த நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவிட்டார். வந்தது அதே சத்தம்தான். அவர் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கத்தியிருப்பேன்.

கையால் பார்த்தது, படத்தில் தெரிந்தது, துணுக்கில் கண்டது, இந்த மூன்றும் ஒன்றையே சொன்னால்தான் முடிவு சொல்வார்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுபடி பார்ப்பார்கள். எனக்கு மூன்றும் ஒத்துப்போயின. ஃபைப்ரோ அடினோமா, அதாவது புற்றுநோய் இல்லாத நார்க்கட்டி. அறுக்கவில்லை. கொஞ்ச காலம் கழித்து மறுபடி ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மொத்தம் மூன்று முறைதான் போனேன். இந்த மூன்று நடைக்காக எழுபத்தேழு நாள் பயந்து செத்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் மார்பகப் புற்றுநோய்க்கென்று ஒரு முன்னெடுப்பைத் தொடங்கியது. ஒரு பெண் அறிகுறியோடு முதன்முதலாக மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அதில் ஓர் இலக்கு. நல்ல இலக்கு. ஆனால் அந்தக் கணக்கு மருத்துவர் அறைக்குள் கால் வைத்த பிறகுதான் தொடங்குகிறது. குளியலறையில் கழிந்த என் எழுபத்தேழு நாள் எவர் கணக்கிலும் இல்லை. அந்த நாட்களைக் குறைக்க முடிகிறவர்கள் நீங்கள்தான். மேலே நான் எழுதிய மூன்று படிகளை மூன்று வரியாக அந்த வெள்ளைப் பக்கத்தில் போடுங்கள். ஊசியால் துணுக்கு எடுப்பதால் நோய் பரவிவிடாது என்று ஒரு வரி. கட்டி என்று வருகிற பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு அது புற்றுநோயாக இருப்பதில்லை என்று ஒரு வரி. இந்தக் கடைசி வரியைப் போட்டால் பெண்கள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று தயங்குகிறீர்களோ என்னவோ. என் அனுபவம் நேர் எதிர். நிச்சயம் சாவுதான் என்று நினைத்ததால்தான் நான் போகவில்லை.

இன்னொன்று, என் சித்தி விஷயம்.

சித்தி உங்கள் நோட்டீசை எழுத்து பிசகாமல் பின்பற்றியவர். மாதம் தவறாமல் தடவிப் பார்ப்பார். கட்டி இல்லை. ஆனால் ஒரு பக்கத்துக் காம்பில் மட்டும் அரிப்பு. தோல் உரிந்து, பொருக்குத் தட்டி, உள்ளாடையில் லேசாக ஒட்டிக்கொள்ளும். களிம்பு போட்டார், ஆறின மாதிரி இருக்கும், திரும்ப வரும். ஒரு வருடம் இப்படியே போனது. 'கட்டிதான் இல்லையே' என்று அவர் சொல்லும்போது அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி இருக்கும். அது பாஜெட் நோய். காம்பின் தோலில் எக்சிமா என்கிற அரிக்கும் தோல் அழற்சி மாதிரியே தெரிகிற ஒருவகை மார்பகப் புற்றுநோய். சாதாரண எக்சிமா பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தில் தொடங்கும். இது ஒரு பக்கத்தில் மட்டும், காம்பிலேயே தொடங்கும். இந்த இரண்டு வாக்கியம் அவர் கண்ணில் பட்டிருந்தால் அந்த ஒரு வருடம் மிஞ்சியிருக்கும்.

ஆகவே 'கட்டி' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். தோல் ஓரிடத்தில் குழிவது, ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடிப்பது, எப்போதும் வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வது, அழுத்தாமலே ஒரு காம்பிலிருந்து ரத்தம் அல்லது நீர் கசிவது, ஒரு மார்பு மட்டும் அளவோ வடிவமோ மாறுவது, அக்குளில் நெறி கட்டி இறங்காமல் இருப்பது, இவையெல்லாம் கட்டியளவுக்கு முக்கியமானவை. பால் கொடுக்கிற தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை வேண்டும். பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து காய்ச்சல் வருவது சகஜம், மருந்தில் சரியாகிவிடும். மருந்து முடிந்தும் சிவப்பும் வீக்கமும் போகவில்லை என்றால் அதை மறுபடி பால்கட்டு என்றே வைத்துக்கொள்ளக் கூடாது. அரிதாக, புற்றுநோயே அப்படிச் சிவந்து வீங்கி வருவதுண்டு.

எது இயல்பு என்பதையும் சொல்லுங்கள். இதை யாரும் சொல்வதே இல்லை என்பது என் பெரிய ஆதங்கம். இரண்டு மார்பும் ஒரே அளவில் இருக்காது. மாதவிடாய்க்கு முந்தைய வாரம் கனத்து, முடிச்சு முடிச்சாகத் தோன்றி, தொட்டாலே வலிக்கும், பிறகு இறங்கிவிடும். அதனால்தான் மாதவிடாய் முடிந்த சில நாட்களில் தொட்டுப் பார்ப்பது குழப்பமில்லாதது. மாதவிடாய் நின்றவர்களுக்கு எந்த நாளும் ஒன்றுதான். மார்பின் அடிப்பக்க மடிப்பில் ஒரு வரப்பு மாதிரி கெட்டியாக இருக்கும், அது பலருக்கும் உள்ளது. கருவட்டத்தில் சின்னச் சின்ன மேடுகளும் ஒன்றிரண்டு முடியும் இருக்கும்.

வயதுக்கு வரப்போகும் சிறுமிகளுக்கு முதலில் ஒரு பக்கத்துக் காம்புக்குக் கீழே மட்டும் காசு மாதிரி கெட்டியாக ஒன்று வருவதுண்டு. அது மார்பின் மொட்டு. அடுத்த பக்கம் சில மாதம் கழித்துக்கூட வரலாம். என் மகளுக்கு வந்தபோது, என் கோலிக்குண்டு ஞாபகத்தில் எனக்குக் கை நடுங்கியது. அதைக் கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மார்பே வளராது என்று மருத்துவர் சொன்னபோதுதான், இது தெரியாமல் எத்தனை தாய்மார்கள் தவிக்கிறார்களோ என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மூன்று படங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீனாவின் ஷாங்காய் நகரில் ஜவுளி ஆலைகளில் வேலை பார்த்த சுமார் 2,66,000 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குச் சுயபரிசோதனையை முறையாகக் கற்றுக்கொடுத்து, மற்ற பிரிவோடு ஒப்பிட்டு, சுமார் பத்தாண்டு கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது. மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்கள் இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவு. கற்றுக்கொண்ட பிரிவில் புற்றுநோய் அல்லாத கட்டிகளுக்காக ஊசியும் கத்தியும் பட்டவர்கள்தான் அதிகம். உடம்பைத் தொடவே வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. தேதி குறித்து, வட்டம் எண்ணி, பரீட்சை மாதிரி செய்வதால் மட்டும் உயிர் காக்கப்படுவதில்லை. குளிக்கும்போதும் உடுத்தும்போதும் தன் உடம்பைத் தெரிந்து வைத்திருந்து, மாறியது எதுவானாலும் தாமதிக்காமல் காட்டுவதுதான் இப்போது மருத்துவர்கள் வலியுறுத்துவது. 'மாதாமாதம் செய்வதில்லை' என்று குற்றவாளி மாதிரி தலைகுனிகிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள்.

இறுக்கமான பிரா, அக்குளில் போடும் டியோடரண்ட், எங்கோ இடித்துக்கொண்டது, இவற்றால் புற்றுநோய் வருகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரு வரியில் முடித்துவிடலாம். மது, மாதவிடாய் நின்றபின் கூடும் எடை, உடலசைவே இல்லாத வாழ்க்கை, இவை ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்று இருந்துவிடவும் கூடாது. இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை. குடும்பத்தில் இருந்தால் அப்பா வழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். போன வருடம் மேமோகிராம் நன்றாக வந்தது என்பதற்காக, இந்த வருடம் புதிதாக வந்த மாற்றத்தைக் காட்டாமல் இருப்பதும் தவறு.

சித்திக்கு நோய் உறுதியான பிறகும் இரண்டு மாதம் சிகிச்சைக்குப் போக மறுத்தார். காரணம் சாவுபயம் இல்லை. 'எடுத்துடுவாங்கடி' என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னார். கட்டியையும் அதைச் சுற்றிய கொஞ்சம் திசுவையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பையே முழுதாக எடுத்தாலும், ஆரம்ப நிலையில் உயிர்வாழும் வாய்ப்பு ஒன்றுதான் என்பது இத்தாலியின் மிலானிலும் அமெரிக்காவிலும் 1970களில் தொடங்கிய ஆய்வுகளில் தெரிந்தது. இருபது ஆண்டு தொடர்ந்து கவனித்து 2002இல் அதை உறுதிசெய்தார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது, சிலருக்கு முழுதாக எடுக்கத்தான் வேண்டும். சித்திக்குக் காம்பையும் அதன் அடித்திசுவையும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுத்தார்கள். மார்பு இருக்கிறது. அவரும் இருக்கிறார். உங்கள் மேடைப் பேச்சுகளில் உயிர் பற்றி நிறையச் சொல்கிறீர்கள். இந்த இரண்டாவது பயத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை. பெண்கள் அதைத் தாமாகக் கேட்க மாட்டார்கள், கேட்க வெட்கப்படுவார்கள். நீங்கள்தான் முதலில் பேச வேண்டும்.

அப்புறம், நோட்டீசை ஆண்கள் கையிலும் கொடுங்கள். மார்பகப் புற்றுநோய் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் ஆண்களும் உண்டு. அதைவிட, பதினொரு வாரம் கழித்து நான் சொன்னபோது என் கணவர் கேட்ட கேள்வி, 'இப்ப நாம முதல்ல என்ன பண்ணணும்?' அவருக்கும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே கிளம்பியிருப்போம்.

என்னிடம் இருக்கிற உங்கள் தாளின் பின்பக்கம் இப்போது வெள்ளையாக இல்லை. மேலே சொன்னதையெல்லாம் பேனாவால் எழுதி, மகளின் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டப்போகிறேன். இடம் போதாமல் ஓரத்திலும் எழுத வேண்டியிருந்தது. அடுத்த முறை அச்சுக்குக் கொடுக்கும்போது சொல்லுங்கள், ஒரு பிரதி எடுத்துத் தருகிறேன். எழுத்துப்பிழை பார்க்கவும் நான் தயார்.

இப்படிக்கு,
உங்கள் நோட்டீசைப் பத்திரமாக வைத்திருக்கும் ஒருத்தி