நீக்கிய பிறகும் நீங்காத உங்கள் மென்பொருள்: ஒரு புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: வீட்டுக் கணினியிலிருந்து உங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளை நீக்குவதில் ஏற்பட்ட தொல்லை, நீக்கிய பிறகும் சந்தாப் பணம் பிடித்தது

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நான் சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருப்பவன். அம்மா, மனைவி, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், நான் என வீட்டில் நான்கு பேர். கூடத்தில் இருக்கும் ஒரே கணினிதான் நால்வருக்கும். அதிலிருந்து உங்கள் வைரஸ் தடுப்பு மென்பொருளை ஒரு சனிக்கிழமை மாலை நீக்கினேன். அது உண்மையிலேயே போய்ச் சேர்ந்தது புதன்கிழமை இரவு. உங்கள் உரையாடல் சேவையில் மூன்று பேரிடம் இதைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொருவரும் முதலிலிருந்து கேட்டார்கள், பாதியில் அடுத்தவரிடம் மாற்றிவிட்டார்கள். அதனால்தான் நடந்தது முழுவதையும் ஒரே கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்கள் மென்பொருளை நாங்கள் தேடிப் போய் வாங்கவில்லை. கணினி வாங்கியபோதே உள்ளே இருந்தது. முதல் 30 நாள் இலவசம். 31ஆம் நாள் காலையில் ஆபத்து என்று சிவப்பில் ஒரு பெட்டி வந்தது. அம்மா பயந்துபோய் எனக்கு போன் செய்ய, வேலையிடத்திலிருந்தே கடன் அட்டையில் ஓராண்டுச் சந்தா கட்டினேன். அந்த ஓராண்டில் மென்பொருள் தன் வேலையைச் செய்தது, குறை சொல்ல மாட்டேன். ஆண்டு முடியும் நேரத்தில், கணினித் துறையில் இருக்கும் நண்பர் ஒருவர், வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும் என்றார். 2012இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து அது முழு வைரஸ் தடுப்பாகவே உள்ளே இருக்கிறது. வேறொரு வைரஸ் தடுப்பு இருந்தால் அது ஒதுங்கிக்கொள்ளும். அந்த வேறொன்று போய்விட்டால் தானாக மறுபடியும் வேலையைத் தொடங்கும். சரி, இனி சந்தா வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

அம்மாவுக்காக எங்கள் கணினியைத் தமிழில் வைத்திருக்கிறோம். மெனு எல்லாம் தமிழ். உங்கள் மென்பொருளும் அதைக் கண்டுகொண்டு எங்களிடம் தமிழில்தான் பேசும். அமைப்புகளுக்குள் போய், நிறுவிய செயலிகளின் பட்டியலில் அதன் பெயரைத் தேடி, நீக்கச் சொன்னேன். அதுவரை தமிழ் பேசிய மென்பொருள் அந்த இடத்தில் ஆங்கிலத்துக்கு மாறியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று திரைகள். மூன்றிலும் 'பாதுகாப்பாக இருக்க விரும்புகிறேன்' என்ற பொருளில் பெரிய பச்சைப் பொத்தான். நீக்கத்தைத் தொடரும் வழி அதன் கீழே, வெள்ளைப் பின்னணியில் வெளிர்ச் சாம்பல் நிறத்தில், பொத்தான் வடிவம்கூட இல்லாமல் ஒரு வரி. என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் அதைக் கண்டுபிடித்தேன். அம்மாவால் கண்டுபிடித்திருக்கவே முடியாது. கடைசியில் நீக்கம் முடிந்தது என்று வந்தது. கணினியை அணைத்துப் போட்டேன். பட்டியலில் பெயர் இல்லை. வேலை முடிந்தது என்று நம்பிவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. நானும் மனைவியும் தேக்கா சந்தைக்குப் போயிருந்தோம். பதினொரு மணி இருக்கும், அம்மாவிடமிருந்து போன். "தம்பி, கம்ப்யூட்டர்ல சிவப்பா வந்துருச்சு. சுவிட்சை அமத்திட்டேன். நீ சீக்கிரம் வா" என்றார். அவர் அணைத்தது சுவரில் உள்ள சுவிட்சை. அந்த நேரத்தில் மகள் பள்ளிக்கான செய்முறை அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து போன இடைவெளியில் இது நடந்துவிட்டது. சேமிக்காத இரண்டு பக்கம் போனது. அவள் "ஏன் அப்பாயி அணைச்சீங்க?" என்று கேட்டுவிட்டாள். நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது மகள் அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். அம்மா கூடத்தில், திரையைப் பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கணினியைத் திரும்பவும் போட்டேன். ஐந்து நிமிடத்தில் வலது கீழ் மூலையிலிருந்து எழும்பித் திரையின் பாதியை மறைத்தது அந்தப் பெட்டி. 'எச்சரிக்கை! உங்கள் கணினி பாதுகாப்பின்றி உள்ளது. உடனே சரிசெய்யவும்.' நல்ல தமிழ், கொட்டை எழுத்து, பக்கத்தில் துடிக்கும் ஒரு சிவப்பு வட்டம். முந்தைய நாள் மாலை நான் நீக்கிய அதே மென்பொருள்.

என் அம்மாவுக்கு 71 வயது. சமூக மன்றத்தில் மின்னிலக்கத் தூதர்களிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுதான் கணினியைத் தொட்டார். காலையில் தமிழ் முரசை எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பார், மாலையில் தஞ்சாவூரில் இருக்கும் சித்தியிடம் முகம் பார்த்துப் பேசுவார். கற்றதை எல்லாம் ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அதன் மூன்றாம் பக்கத்தில், இரண்டு முறை அடிக்கோடு போட்டு, இப்படி எழுதியிருக்கிறது: 'திடீர் என்று வைரஸ் என்று வந்தால் தொடாதே. அதில் உள்ள நம்பருக்குப் பேசாதே. 1799.' மோசடியோ என்று சந்தேகம் வந்தால் அழைப்பதற்காக இங்கே இருக்கும் ஸ்கேம்ஷீல்டு எண் அது. கணினியில் கோளாறு என்று மிரட்டி, சரிசெய்கிறேன் என்று உள்ளே நுழைந்து, வங்கிக் கணக்கைக் காலி செய்யும் கூட்டத்தைப் பற்றி இந்த ஊரில் முதியவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள். அம்மா சொல்லித் தந்தபடியே நடந்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. மோசடிக்காரன் காட்டும் பெட்டியும் உங்கள் பெட்டியும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதுதான் தப்பு. அதே சிவப்பு, அதே அவசரம், மூடும் குறி தேடினாலும் கிடைக்காத அதே அமைப்பு. இவ்வளவு பேர் பாடுபட்டு ஏற்படுத்தும் எச்சரிக்கை உணர்வை, சந்தா வாங்குவதற்காக உங்கள் பெட்டி குலைக்கிறது. என் புகாரில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

அன்று இரவு முழுவதும் அதைத் தேடினேன். ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் உங்கள் பெயரில் இரண்டு நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்தச் சொன்னால் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னணியில் ஓடுபவற்றின் சர்வீசஸ் பட்டியலில் நிறுத்தும் வசதியே மங்கலாகக் கிடந்தது. புரோகிராம் ஃபைல்ஸில் உங்கள் கோப்புறை அப்படியே இருந்தது. அழிக்கப் போனால், நிர்வாகி உரிமையோடு போயும், அதே பதில். வைரஸ் வந்து முதலில் வைரஸ் தடுப்பைத்தான் கொல்லப் பார்க்கும், அதனால் அது தன்னைத்தானே காத்துக்கொள்ளும்படி செய்திருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் முறைப்படி நீக்கச் சொன்ன உரிமையாளரிடமும் அது அப்படியே நடந்துகொண்டால் அவர் எங்கே போவது? பட்டியலில் பெயர் இருந்தால் மறுபடி நீக்கலாம். பெயரை எடுத்துவிட்டு ஆளை உள்ளே வைத்துக்கொண்டீர்கள்.

அப்புறம்தான் இன்னொன்றைக் கண்டேன். விண்டோஸின் பாதுகாப்புப் பக்கத்தில் வைரஸ் தடுப்பு என்ற இடத்தில் இன்னமும் உங்கள் மென்பொருளின் பெயரே பதிவாகியிருந்தது, செயலில் இல்லை என்ற குறிப்போடு. அந்தப் பெயர் இருந்ததால் டிஃபெண்டர் எழுந்திருக்கவில்லை. அதாவது சனிக்கிழமை மாலையிலிருந்து எங்கள் கணினிக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஞாயிறு காலையில் சந்தைக்குக் கிளம்பும் முன் என் மனைவி அதே கணினியில் வங்கிக் கணக்கைத் திறந்து தண்ணீர், மின்சாரக் கட்டணம் கட்டியிருந்தார். உங்கள் சிவப்புப் பெட்டி சொன்னது ஒரு வகையில் உண்மைதான். அந்த நிலையை உண்டாக்கியது நீங்கள் விட்டுப்போன மிச்சம். நல்லவேளையாக எதுவும் நடக்கவில்லை.

திங்கட்கிழமை உங்கள் உரையாடல் சேவை. முதலாமவர், மீண்டும் நிறுவிவிட்டு நீக்கிப் பாருங்கள் என்றார். நிறுவப் போனால் சந்தாவைப் புதுப்பிக்கச் சொன்னது. இரண்டாமவர் சந்தா விவகாரம் தன் பிரிவு இல்லை என்றார். மூன்றாமவர்தான், முழுவதும் துடைத்தெடுக்கத் தனியாக ஒரு நீக்கும் கருவி இருக்கிறது என்று இணைப்பை அனுப்பினார். அவருக்கு என் நன்றி. அப்படி ஒரு கருவியை நீங்களே செய்து வைத்திருக்கிறீர்கள் என்றால், சாதாரண வழியில் நீக்கினால் முழுதாகப் போகாது என்பது உங்களுக்கு முன்பே தெரியும் என்றுதானே பொருள்? நீக்கம் முடிந்தது என்று சொன்ன கடைசித் திரையில் அதற்கு ஒரு வரி இடம் இல்லையா?

அந்தக் கருவியை, மிக அவசியமான நிரல்கள் மட்டும் ஓடும் சேஃப் மோடில்தான் ஓட்ட வேண்டும் என்று குறிப்பு இருந்தது. செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு கணினியை மறுதொடக்கம் செய்து, நீலத் திரையில் ஒவ்வொரு படியாகப் போனேன். சேஃப் மோடுக்குள் விடுவதற்கு முன் கணினி, வட்டைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் மீட்புச் சாவியைக் கேட்டது. இப்போது வரும் பல கணினிகளில் வட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும், இந்த மாதிரி நேரத்தில் சாவி கேட்கும் என்பதை உங்கள் குறிப்பில் யாரும் எழுதவில்லை. சாவி இருந்தது என் மனைவியின் மைக்ரோசாப்ட் கணக்கில். அவர் மாலை வேலையில் இருந்தார். அவர் வரும்வரை, உள்ளே போகவும் பயம், வெளியே வரவும் பயம், மகளின் பாடங்களும் குடும்பப் படங்களும் அந்த வட்டுக்குள். மணி பத்தாகிவிட்டது. சாவி 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. மகள் போனைப் பார்த்து ஒவ்வொரு தொகுதியாக வாசிக்க, நான் விரலால் தேடித் தேடித் தட்டினேன். ஐந்தாவது தொகுதியில் ஓர் எண் தவறி, திருத்திப் போட வேண்டியதாயிற்று. மறுநாள் அவளுக்குக் காலையில் பள்ளி.

ஒரு முறை ஓட்டியதில் முழுதாகப் போகவில்லை. புதன் இரவு இரண்டாம் முறை ஓட்டிய பிறகுதான் கோப்புறை போனது, டிஃபெண்டர் எழுந்தது. உலாவியில் உங்கள் தேடல் நீட்டிப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. 'உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்று சொல்லி நீக்க விடவில்லை. "எந்த நிறுவனம் தம்பி?" என்று அம்மா கேட்டார். நண்பரை வரவழைத்து, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் நீங்கள் எழுதி வைத்திருந்த கொள்கை வரியை அழித்த பிறகே அது போனது.

இதற்கிடையில், திங்கட்கிழமையே என் அட்டையிலிருந்து அடுத்த ஆண்டுக்காக 79 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) 90 காசு பிடித்துவிட்டீர்கள். மென்பொருளை நீக்கினாலும் சந்தா நிற்காது, கணக்குக்குள் போய்த் தனியாக நிறுத்த வேண்டும் என்று இரண்டாமவர் அப்போதுதான் சொன்னார். நீக்கும்போது காட்டிய மூன்று திரைகளில் எங்களைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாசகம் எழுதினீர்கள். சந்தா தொடரும் என்ற ஒரு வரியை அங்கேயே எழுதியிருக்கலாம்.

அந்தப் பணம் முழுவதும் எனக்குத் திரும்ப வர வேண்டும். அது முதல் கோரிக்கை, ஆனால் அதோடு இந்த விஷயம் முடிந்துவிடாது. நீக்கச் சொன்னால் முதல் முறையிலேயே முழுதாக நீங்க வேண்டும். அதுவரைக்குமாவது அந்தக் கருவியையும், பிட்லாக்கர் சாவியை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லும் குறிப்பையும் நீக்கும் திரையிலேயே கொடுங்கள். தமிழில் எச்சரிக்கை காட்டும் கணினியில் நீக்கும் வழியும் தமிழில் இருக்கட்டும். தமிழ் இந்த நாட்டின் அதிகாரத்துவ மொழி நான்கில் ஒன்று. உங்களிடம் நல்ல தமிழ் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெட்டியிலேயே பார்த்தேன். அந்தச் சிவப்புப் பெட்டியை மாற்றுங்கள்: யார் அனுப்பியது, எதற்காக, எப்படி மூடுவது என்று அமைதியாகச் சொல்லட்டும்.

இந்தக் கடிதம் கிடைத்த 14 நாளுக்குள் எழுத்துமூலம் பதில் தாருங்கள். பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டம் இங்கே 2004 முதல் நடப்பில் இருக்கிறது. தேவையில்லாத சேவையைத் தேவை என்று காட்டுவதை அது நியாயமற்ற வழக்கங்களில் ஒன்றாகச் சொல்கிறது. பதில் வராவிட்டால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போவேன். அதற்கும் மேல், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்ளும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அட்டைக் கணக்கின் நகல், உரையாடல் பதிவுகள், அந்தப் பெட்டியை நான் எடுத்த படம் ஆகியவற்றை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

பதிலைத் தமிழில் எழுதினால் உதவியாக இருக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அம்மா தானாகக் கணினியைப் போடுவதில்லை. நானோ மகளோ போட்டு, ஒன்றும் இல்லை என்று காட்டிய பிறகுதான் வந்து உட்காருகிறார். உங்கள் பதிலை அவரிடம் நேரடியாகக் கொடுக்கப் போகிறேன், அவரே படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஈசூன்வாசி
(உங்கள் முன்னாள் சந்தாதாரர்)