சித்திரைக் கூடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் தோட்டத்திலிருந்து வாராவாரம் போகும் காய்கறிக் கூடைக்கு, 25 குடும்பமும் பருவத்துக்கான பணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டதாக எழுதியிருந்தாய். சந்தோஷம் கண்ணு. ஆனால் பங்குனி பாதியிலிருந்து கூடை இளைக்கத் தொடங்கும். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிரும். சித்திரையில் தக்காளியை நம்பாதே. வெண்டை, கொத்தவரை, கீரை, பந்தல் காய், இவைதான் கைகொடுக்கும்.

வெண்டைக்குக் கணக்கைக் கூடையிலிருந்து பின்னோக்கிப் போடு. வீட்டுக்கு அரைக் கிலோ என்றால் வாரம் பன்னிரண்டரைக் கிலோ வேண்டும். ஒரு செடி பருவம் முழுக்கக் கொடுப்பது சுமார் 200 கிராம், அதுவும் ஆறேழு வாரத்தில். அப்படியென்றால் 500 செடி. 45க்கு 30 செ.மீ. இடைவெளியில் இரண்டு சென்ட் போதும். குழிக்கு இரண்டு விதை வைத்தால் 75 கிராம் விதை. விதைத்து 45 நாளில் முதல் பறிப்பு, ஆகவே சித்திரைக் காய்க்கு மாசி பாதியிலேயே விதை மண்ணில் இருக்க வேண்டும். அடுத்த 500ஐ மூன்று வாரம் கழித்துப் போடு. ஒருநாள் விட்டு ஒருநாள் பறி. முற்றியதையும் செடியில் விடாதே, விட்டால் காய்ப்பு குறையும். இலை நரம்பு மஞ்சளாகி வலை மாதிரி தெரிந்தால் அந்தச் செடியை அன்றைக்கே பிடுங்கிவிடு. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் அது; மருந்து கிடையாது.

கீரையை வாரம் ஒரு மேட்டுப்பாத்தி என்று விதை. பொடி விதை என்பதால் மணலோடு கலந்து தூவு. எறும்பு இழுத்துப் போகாமல் பாத்தி ஓரத்தில் ரவை போட்டு வை, அதை எடுத்துக்கொண்டு போய்விடும். சிறுகீரை 25 நாளில் வேரோடு பிடுங்கத் தயார்.

பந்தலைச் சாயங்காலம் போய்ப் பார். சுரையும் பீர்க்கனும் அந்தி நேரத்தில்தான் பூ விரிக்கும், தேனீ அடங்கிவிட்ட பிறகு. அந்துப்பூச்சி குறைவாக இருந்தால் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கி விழும். நோய் என்று நினைத்து மருந்தடிப்பவர்கள் அதிகம். மகரந்தம் சேரவில்லை, அவ்வளவுதான். ஆண் பூவைக் காம்போடு பறித்து, இதழை உரித்துவிட்டு, அடியில் குட்டிப் பிஞ்சு ஒட்டியிருக்கும் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவு. ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்கு ஆகும். பாகல் காலையில் பூக்கும், அதைத் தேனீயே பார்த்துக்கொள்ளும். பழ ஈ குத்திய காய் கீழே கிடந்தால் பொறுக்கி ஆழமாகப் புதை. அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் புழு மண்ணில் இறங்கி மறுபடி ஈயாக வரும்.

கரும்புச் சோகையோ வைக்கோலோ நாலு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடு, தண்டைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு. ஒட்டிப் போட்டால் கரையான் ஏறும். சொட்டுநீர்க் குழாயின் கடைசி மூடியை வாரம் ஒருமுறை கழற்றித் தண்ணீரை ஓடவிடு, இல்லையென்றால் போர் தண்ணீரின் உப்பு அடைத்துக்கொள்ளும். வேப்பங்கொட்டைக் கரைசலுக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து ராத்திரி ஊறவைத்து, வடிகட்டிப் பத்து லிட்டராக்கு. கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். வெயில் அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும், சாயங்காலம்தான் அடிக்க வேண்டும்.

பறிப்பு ஏழு மணிக்குள் முடியட்டும். முதலில் கீரை, உடனே ஈரச் சாக்கு. வெண்டையைக் கழுவாதே, கறுத்துவிடும்.

கூடை குறைந்தால் சந்தையில் வாங்கி நிரப்பாதே. இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. 1986இல் அமெரிக்காவில், முன்பணம் வாங்கி விளைச்சலைப் பங்கிடும் இந்த முறையைத் தொடங்கிய பண்ணைகள் காயை எடை போட்டு விற்கவில்லை. ஆண்டுச் செலவைக் குடும்பங்களுக்குள் பங்கு போட்டன. உன் வீட்டுக்காரர்களும் வாங்குகிறவர்கள் அல்ல, பங்காளிகள். இந்த வாரம் என்ன வரும், எது வராது, ஏன் என்று புதன்கிழமையே சொல்லிவிடு.

கத்திரி வெயில் தொடங்குமுன் பந்தல் கம்பிகளை முறுக்கிவை. கோடை மழைக்கு முன்னால் வரும் காற்று காயோடு சாய்த்துவிடும். கொத்தவரை விதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். 45க்கு 15 செ.மீ., தண்ணீர் தேங்காத பாத்தியாகப் பார்த்துப் போடு.

அம்மா