சுவரையும் விசாரியுங்கள், டாக்டர்

இருமலுக்கும் வீசிங்குக்கும் வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு,

வணக்கம். மூச்சிரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வாசலில் காத்திருப்பவர்களில் நானும் ஒருத்தி. வீட்டில் யாராவது புகை பிடிப்பார்களா, நாய் பூனை உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது ஆஸ்துமா இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் வீட்டுச் சுவரில் ஓதம் அடிக்கிறதா, பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று நான் பார்த்த மருத்துவர் ஒருவரும் கேட்டதில்லை. அதையும் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பு இல்லை என்பது உங்களுக்கே தெரியும். ஈரம் பிடித்த கட்டடங்களைப் பற்றிய ஆய்வுகளையெல்லாம் அலசிய அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், 2004-லேயே அறிக்கை கொடுத்துவிட்டது. மூக்கு, தொண்டைத் தொல்லைகள், இருமல், வீசிங், பூஞ்சை ஒத்துக்கொள்ளாத ஆஸ்துமாக்காரர்களுக்கு இரைப்பு கூடுவது ஆகியவற்றுக்கும் வீட்டு ஈரத்துக்கும் பூஞ்சைக்கும் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய சான்று இருக்கிறது என்றது. 2009-ல் உலக சுகாதார நிறுவனமும் இதற்கென்றே ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. அதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: காற்றில் இவ்வளவு பூஞ்சை வரை பரவாயில்லை என்று எந்த எண்ணையும் அது தரவில்லை. ஈரத்தையும் பூஞ்சையையும் வீட்டில் தங்கவிடாதீர்கள் என்பதுதான் அதன் பரிந்துரை. அதனால் காற்றை ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. கண்ணில் பட்டால், மக்கின வாடை மூக்கில் ஏறினால், அதுவே போதும். கேள்விக்குச் செலவும் இல்லை.

ஆனால் எப்படிக் கேட்கிறீர்கள் என்பது முக்கியம். "வீட்டில் பூஞ்சை இருக்கா?" என்று மொட்டையாகக் கேட்டால் பெரும்பாலோர் இல்லை என்றுதான் சொல்வார்கள். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாதவர்கள் என்று நினைத்துவிடுவீர்களோ என்ற கூச்சம். குழாய் கசிவதற்கும் கூரை ஒழுகுவதற்கும் குடியிருப்பவரின் துடைப்பம் என்ன செய்யும்? ஆகவே மழைக்குச் சுவர் ஊறுகிறதா, அலமாரியைத் திறந்தால் வாடை அடிக்கிறதா, குளியலறைக்கு ஜன்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம் இன்னொன்று: வெளியூர் போய் நாலு நாள் தங்கினால் இருமல் குறைகிறதா?

இந்தக் கடைசிக் கேள்வி ஆஸ்துமாவோடு நிற்பதில்லை. பூஞ்சை போன்றவற்றைச் சுவாசித்து, அது ஒத்துக்கொள்ளாமல் நுரையீரல் அழற்சி கொள்ளும் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ் அபூர்வமான நோய்தான். ஆனால் காய்ச்சல், இருமல், மூச்சுத் திணறல் என்று சாதாரண நெஞ்சுச் சளி மாதிரியே வந்து ஏமாற்றும். அந்த இடத்தை விட்டு விலகினால் தணியும், திரும்பி வந்தால் மறுபடி தொடங்கும். ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தால், உள்ளே நுரையீரல் தழும்பேறி இறுகிப் போகலாம். கீமோதெரபி எடுப்பவர்களும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களும் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆஸ்பர்ஜிலஸ் போன்ற பூஞ்சை அவர்கள் நுரையீரலிலேயே வேர் பிடித்துவிடக்கூடும்.

நீங்கள் கேட்காமல் விடுவதால் நடக்கும் வேறொரு கூத்தையும் சொல்கிறேன். பதில் தேடி இணையத்துக்குப் போகிறவர்களை அங்கே, ஈரச் சுவரில் படரும் 'கறுப்புப் பூஞ்சையின் விஷம்' வரவேற்கிறது. மறதி, களைப்பு, மன உளைச்சல் என எதற்கும் அதுவே காரணமாம். 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சில கைக்குழந்தைகளின் நுரையீரலில் ரத்தக்கசிவு ஏற்பட்டபோது, ஸ்டாக்கிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சையின் மீது பழி விழுந்தது. அந்தத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்று 2000-ல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்லிவிட்டது. ஆனால் பீதி மட்டும் ஓயவில்லை. சிறுநீரில் பூஞ்சை நச்சைக் கண்டுபிடிக்கிறோம், உடம்பைக் கழுவி விடுகிறோம் என்று விற்கிறவர்களுக்கு நல்ல வியாபாரம். நீங்கள் உட்காராத நாற்காலியில்தான் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நோயாளி "ஆமாம், இருக்கிறது" என்று சொன்னால் என்ன செய்வது? அவர்களாகச் செய்யும் முதல் காரியம் பிளீச் தெளிப்பது, இல்லையென்றால் மேலே பெயிண்ட் அடிப்பது. செத்த பூஞ்சையும் அலர்ஜியைக் கிளப்பும், தண்ணீர் வரும் வழியை அடைக்காவிட்டால் பெயிண்ட் தாண்டி மறுபடி முளைக்கும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் வீட்டிலேயே எடுபடுவதில்லை. நனைந்ததை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைத்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிக்காது. சுரண்டித் துடைக்கும் வேலையை ஆஸ்துமா உள்ளவர் செய்யக்கூடாது. செய்கிறவரும் என்95 மாஸ்க் போட்டுக்கொள்ள வேண்டும்.

வாடகை வீடு என்றால் இதெல்லாம் போதாது. இங்கிலாந்தின் ராச்டேலில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. வீட்டுப் பூஞ்சையைப் பற்றி முறையிட்ட பெற்றோரிடம், வீட்டை வாடகைக்கு விட்டிருந்தவர்கள் மேலே பெயிண்ட் அடிக்கச் சொல்லியிருந்தார்கள். நெடுநாள் பூஞ்சையைச் சுவாசித்ததே சாவுக்குக் காரணம் என்று 2022-ல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். இப்போது அந்தக் குழந்தையின் பெயரிலேயே அங்கே சட்டம் இருக்கிறது. குறைந்த வாடகைக்கு விடப்படும் சமூகக் குடியிருப்புகளில் உயிருக்கு ஆபத்தான அவசரக் குறைகளை 24 மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும். அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில், குடியிருப்பவர் எத்தனை முறை சொன்னாலும் வீட்டுக்காரர் காதில் ஏறாத விஷயம், ஒரு மருத்துவரின் கையெழுத்தோடு போனால் ஏறக்கூடும்.

எனவே இரண்டு வேண்டுகோள். புகைப்பழக்கம் பற்றி எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே வீட்டின் ஈரத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். பதில் ஆமாம் என்றால், 'இந்த நோயாளியின் மூச்சுக்குழல் தொல்லைக்கு வீட்டு ஈரமும் காரணமாக இருக்கலாம், கசிவைச் சரிசெய்வது அவசியம்' என்று உங்கள் லெட்டர்பேடில் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். அதை வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்ஹேலரும் கையுமாக அலையும் ஒரு தாய்