வண்டிகளை ஏன் வட்டமாக நிறுத்தினார்கள்?

தொடக்கப் பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்சித் தாள் தயாரிப்பவர்களுக்கு,

வணக்கம். கலிபோர்னியாவில் நான்காம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் தாய் நான். இந்த மடலின் ஆங்கிலப் பிரதி உங்களுக்குத் தனியே வரும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், இதே தாள் எத்தனையோ தமிழ் வீடுகளின் சாப்பாட்டு மேசையிலும் விரிந்துகிடக்கும் என்பதுதான்.

இங்கே நான்காம் வகுப்பில் மாநில வரலாறு சொல்லித்தருகிறார்கள். அப்படித்தான் மகளின் பைக்குள் உங்கள் தாள் வந்து சேர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில், புது இடத்தில் குடியேறப் பெற்றோருடன் கூண்டு வண்டியில் மேற்கு நோக்கிப் பயணம் போகும் பத்து வயதுச் சிறுமியின் நாட்குறிப்பு, கற்பனைச் சிறுமி. கீழே எட்டுக் கேள்விகள். வண்டியை இழுத்தவை எவை, எந்த ஆற்றைக் கடந்தார்கள் என்ற ரகம். முதல் ஏழுக்கும் பத்தியின்மேல் விரலை ஓட்டினாலே விடை அகப்பட்டுவிடும். மகள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

எட்டாவது கேள்வி: இரவில் வண்டிகளை ஏன் வட்டமாக நிறுத்தினார்கள்? "மாடுகள் ஓடிப்போகாமல் இருக்க" என்று எழுதினாள். தாத்தா ஊரில் ஆட்டுப்பட்டி பார்த்தவள் அவள். மறுநாள் அதன்மேல் சிவப்புக் கோடு விழுந்திருந்தது. செவ்விந்தியர் தாக்குதலுக்குப் பயந்து என்பதே சரியான விடையாம். ஆசிரியையை நான் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த விடைப் பட்டியல்.

என் மகள் எழுதியதுதான் சரி. வண்டி வட்டம் பெரும்பாலும் மாடு அடைக்கும் பட்டியாகவே பயன்பட்டது. 1840 முதல் 1860 வரையிலான பதிவுகளை எண்ணிப் பார்த்த வரலாற்றாய்வு, பூர்வகுடிகளால் கொல்லப்பட்ட பயணிகள் 362 பேர், பயணிகளால் கொல்லப்பட்ட பூர்வகுடிகள் 426 பேர் என்கிறது. வழியில் ஆட்களை வாரிக்கொண்டு போனது காலரா. ஆற்றைக் கடக்கையில் மூழ்கியவர்களும் சக்கரத்தில் சிக்கியவர்களும் போக மீதிதான் அம்புக்கு. ஆனால் காலரா என்ற சொல்லே உங்கள் பத்தியில் இல்லை.

உங்கள் கற்பனைச் சிறுமி வண்டிக்குள் உட்கார்ந்து பாடிக்கொண்டே போகிறாள். அதிர்வைத் தாங்கும் வில் (ஸ்பிரிங்) இல்லாத வண்டி அது. குலுங்கிய குலுங்கலில் பாலேடு வெண்ணெயாகத் திரண்டுவிடும். உள்ளே மாவும் பன்றிக்கறியும் அடைத்துக்கொண்டு நிற்கும். எனவே மிசௌரியின் இண்டிபெண்டன்ஸிலிருந்து ஓரிகன் வரை ஏறக்குறைய 3,200 கிலோமீட்டரையும் பெரும்பாலோர் நடந்தே கடந்தார்கள், குழந்தைகள் உட்பட. நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். "எரிபொருள் சேகரித்தாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன எரிபொருள்? வழியிலிருந்த பிளாட் ஆற்றங்கரைச் சமவெளியில் மரம் காண்பதே அரிது. குழந்தைகள் பொறுக்கியது காய்ந்த காட்டெருமைச் சாணத்தை. வறட்டி என்று சொல்லியிருந்தால் என் மகளுக்கு உடனே விளங்கியிருக்கும்.

கற்பனைச் சிறுமி எதற்கு? அந்தப் பாதையில் போய் மீண்ட வெர்ஜீனியா ரீட் தன் கைப்படவே எழுதி வைத்திருக்கிறாளே. 1846இல் இல்லினாயிலிருந்து கிளம்பும்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. டோனர் குழு என்று பின்னர் பெயர் பெற்ற கூட்டத்தில் அவள் குடும்பமும் இருந்தது. குறுக்கு வழி என்று நம்பிப் போய் நாட்களைத் தொலைத்தார்கள். சியரா நெவாடா மலையில் பனி மூடிக்கொண்டது. 87 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் பிழைக்கவில்லை. 1847 மே மாதம் ஊரிலிருந்த உறவுக்காரப் பெண்ணுக்கு அவள் எழுதிய கடிதம் முழுக்க எழுத்துப் பிழை. 'கேஷ்' என்ற குட்டி நாயைக் கொன்று, தலை, கால், தோல் என்று ஒன்று விடாமல் தின்று, ஒரு வாரம் உயிரோடு இருந்ததை எழுதுகிறாள். பட்ட பாட்டில் பாதியைக்கூட எழுதவில்லை என்கிறாள். குறுக்கு வழியில் மட்டும் போகாதே, சீக்கிரம் வந்து சேர் என்றும் சொல்கிறாள். செய்தித்தாளில் அச்சேறியபோது அந்தக் கடிதத்தைத் திருத்திச் சீராக்கிவிட்டார்கள். அதே வேலையைத்தான் நீங்கள் இன்னும் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அந்தக் கடிதத்தைப் பிழைகளோடு கொடுத்து, "எந்தப் பாதியை அவள் சொல்லாமல் விட்டாள், ஏன்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். விரலை ஓட்டி இதற்கு விடை கண்டுபிடிக்க முடியாது. பத்து வயதுக்கு இது கனம் என்பீர்கள். அந்தக் கனத்தைச் சுமந்தவளுக்கும் பதின்மூன்று வயதுதான்.

வண்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்ற குழந்தைகளும் உண்டு. 1847இல், இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வாலா வாலா பக்கத்தில் பரவிய தட்டம்மையில் கயூஸ் என்ற பூர்வகுடி மக்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அந்தக் கோபத்தில் அங்கே மதப்பணியும் மருத்துவமும் பார்த்துவந்த விட்மன் தம்பதியரும் வேறு சிலரும் கொல்லப்பட்டார்கள். அதற்காகக் கயூஸ்கள் ஐவர் 1850இல் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரு கயூஸ் குழந்தையின் நாட்குறிப்பை நீங்கள் கற்பனையாக எழுத வேண்டாம். அதை எழுதும் உரிமை அவர்களுடையது, கேட்டு வாங்கிப் போடுங்கள்.

ரீட் கடிதத்தை அச்செடுத்து மகளிடம் கொடுத்தேன். நாய் வரும் இடத்தில் நிறுத்தி, "பெயரைச் சொல்லியிருக்கிறாளே அம்மா" என்றாள். அதற்குப் பிறகு வெகுநேரம் பேசவில்லை.

மற்றதெல்லாம் மெதுவாக ஆகட்டும். எட்டாவது கேள்வியின் விடையையாவது அடுத்த அச்சில் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்